வெள்ளைப் பக்கம்

கன்னையா செத்த பதினேழாம் நாள் இரண்டாம் நம்பர் அறை காலியானது. அவன் பெண்டாட்டி பவுனம்மாளை ஒரு பாய், ஒரு தகரப் பெட்டியோடு பெண்கள் கொட்டகைக்குத் திருப்பி அனுப்பினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் என்னைக் கடந்து போனபோது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அறைக் கதவில் பூட்டுப் போட்டுவிட்டார்களா என்றுதான் பார்த்தேன்.

இடம் எது என்று சொல்லிவிடுகிறேன். மலாயாவில், கிள்ளானுக்கு வெளியே, போக்கிடம் இல்லாத வயசாளிகளை வைத்திருந்த ஒரு விடுதி. ஊரார் அதைக் கிழட்டுக் கம்பம், அதாவது கிழடுகளின் கிராமம், என்பார்கள். ஆண்களுக்கு ஒரு நீளக் கொட்டகை, பெண்களுக்கு ஒன்று, நடுவில் ஒரு வராந்தா. புருஷன் பெண்டாட்டியாகவே இருந்தாலும் சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து மணி வரைதான் அந்த வராந்தாவில் பார்த்துக்கொள்ளலாம். மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும். பின்பக்கம் இரண்டே இரண்டு தனி அறைகள், ஜோடியாக இருப்பவர்களுக்கு. அதில் ஒன்றுதான் இப்போது காலி. கேட்டு நின்ற ஜோடிகள் நான்கு.

நானும் லெட்சுமியும் அதில் ஒரு ஜோடி. நாற்பத்தொரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள். பெற்றது ஒன்றும் தங்கவில்லை. அந்தக் கம்பத்துக்கு வந்து பதினோரு மாதம். அந்தப் பக்கக் கொட்டகையில் யாராவது இருமினால், அது லெட்சுமியா வேறு எவளோவா என்று யோசித்துக்கொண்டே கிடப்பேன். யாரிடம் போய்க் கேட்பது? அந்த அறை எனக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அப்போதுதான் துரைசானி வந்தாள். விடுதியை நடத்துகிற கமிட்டியில் இருந்த பெரிய துரையின் பெண்டாட்டி. வியாழக்கிழமை தோறும் பிஸ்கட் டின்னோடு வந்து எல்லாருக்கும் இரண்டிரண்டு கொடுப்பாள். நான் காலுறை பின்னுவதை முன்பே பார்த்திருக்கிறாள்.

பின்னல் எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் பாயிண்ட்ஸ்மேன், ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிறவன். வெள்ளைக்காரன் பெரிய சண்டை போட்ட காலத்தில் ஒரு நாள் மழையில் வழுக்கி விழுந்து காலை வேகனுக்குக் கொடுத்தேன். தப்பு என்னுடையதுதான். ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அங்கே ஒரு கன்னியாஸ்திரி, சும்மா கிடக்கிறவன் கையில் எல்லாம் ஊசியைக் கொடுத்துச் சோல்ஜர்களுக்குக் காலுறை பின்ன வைத்தாள். ஒரே ஊசியில் இரண்டு காலுறையை ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னுகிற வித்தையும் அவளுக்குத் தெரியும். ஒரு கண்ணி வெளிக் காலுறைக்கு, அடுத்த கண்ணி உள் காலுறைக்கு. கடைசியில் ஒன்றுக்குள்ளிருந்து ஒன்றை உருவினால் ஜோடி. நடுவில் ஒரு நூலை மாற்றிப் போட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், உருவ முடியாது. படுத்துக் கிடந்தவனுக்குத் துணியைப் புரட்ட வசதியில்லை. அதனால் வலமிருந்து இடம் போய், புரட்டாமலே இடமிருந்து வலம் திரும்பி வரப் பழகினேன். இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் வரும்.

துரைசானி அன்று கொண்டுவந்தது ஒரு சாண் பழந்துணி. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்துச் சட்டம் போட்டிருந்தாள். மங்கின சிவப்பில் எட்டு இதழ்ப் பூ. பூவின் ஓரம் எல்லாம் தண்ணீர் பட்ட மாதிரி கலங்கி இருந்தது. நான் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கமும் அதே பூ, அதே தெளிவு. மறுபடி திருப்பினேன். எது நல்ல பக்கம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மொழிபெயர்த்தவர் டிரெஸ்ஸர் ராதாகிருஷ்ணன். கம்பத்தில் மருந்து கட்டுகிறவர். "இது பேரு சிந்தாய், பெரியவரே. நூறு நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி வடநாட்டுல நெய்து கப்பல்ல வந்ததாம். நெய்யறதுக்கு முன்னாலேயே நூலுல கணக்குப் பண்ணிச் சாயம் ஏத்திருவாங்களாம். அதான் பின்பக்கம்னு ஒண்ணு கெடையாது. இதே பூவப் போட்டுக் கம்பளியில ஒரு மப்ளர் வேணுங்கறா. ஒரு பக்கம் சிவப்புல வெள்ளப் பூ. மறுபக்கம் வெள்ளையில சிவப்புப் பூ. எட்டு வாரத்துல கப்பல் ஏறிப் போறா, ஒரேயடியா. ஊர்ல பனியாம்."

"எனக்கு என்னா?" என்றேன்.

"என்னா வேணும்?"

"ரெண்டாம் நம்பர் அறை."

அவர் இங்கிலீஷில் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள், அறைப் பக்கம் பார்த்தாள், ஏதோ நீளமாகச் சொன்னாள்.

"சரிங்கறா."

"சரின்னு சொல்ல அவ்வளவு பேச்சா? தரேன்னு சொன்னாளா, பாக்குறேன்னு சொன்னாளா?"

"ரெண்டுக்கும் நடுவுல சொன்னா பெரியவரே. பின்னுங்க."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை இருந்துதான் நான் எந்த வேலையையும் செய்தேனா? நூலை வாங்கிக்கொண்டேன்.

டிரெஸ்ஸர் காய்ச்சல் எழுதுகிற கட்டம் போட்ட காகிதத்தில் பூவை வரைந்து கொடுத்தார். ஒரு கட்டம் ஒரு கண்ணி. நீளத்துக்குப் பதினாலு பூ வரவேண்டும். நாலு நாளைக்கு ஒரு பூ விழுந்தால் கப்பலுக்குச் சரியாக இருக்கும். சிவப்புப் பக்கம் என்னைப் பார்த்து, வெள்ளைப் பக்கம் எதிரே இருப்பவரைப் பார்த்து. நான் புரட்டாமல் பின்னுகிறவன் ஆனதால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டு நூலும் சேர்ந்து முன்னே வரவேண்டும், சேர்ந்து பின்னே போகவேண்டும். ஒன்று பின்தங்கினால் இரண்டு துணியும் ஒட்டிக்கொள்ளும். நூலை மாற்றிக் கோத்தால் என் பக்கம் சரியாக இருக்கும், அந்தப் பக்கம் தப்பு நிற்கும். எதிரே உட்கார்ந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று டிரெஸ்ஸரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஆளு யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அப்படித்தான் லெட்சுமி எனக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். வேலை நடக்கிறவரை நாலு மணி விதி எங்களுக்கு இல்லை. காலைக் கஞ்சி முடிந்ததும் வருவாள், சாயங்காலம் வரை இருப்பாள். மற்றக் கிழடுகள் பொருமினார்கள். பொருமட்டும்.

"மூணாவது கண்ணி செவப்பா நிக்குது. வெள்ள வரணும்," என்பாள்.

"எங்க?"

"நான் கைய வச்சிருக்கேன் பாருங்க, அங்க. ரயிலுக்குப் பாயிண்டு மாத்துன ஆளா நீங்க? ஒரு நூல மாத்தத் தெரியல."

"ஏ, எத்தனை ரயிலு கவுந்திச்சு என் கையில?"

"ரயிலு கவுழல. நீங்கதான் கவுந்தீங்க."

எட்டு நாள் இப்படிப் போனது. இரண்டு பூ விழுந்தது. ஒன்பதாம் நாள் லெட்சுமி வந்தாள், முக்காலியில் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் இனிமே பாக்க மாட்டேங்க."

"ஏன்? மேலுக்கு முடியலையா?"

"மேலுக்கு என்னா. அந்தப் பக்கம் வெள்ள."

"வெள்ளதான். அதுக்கு?"

"காலையில இருந்து பொழுது சாயறவரைக்கும் எம்மூஞ்சிக்கு நேரா வெள்ளத் துணிய நீட்டிக்கிட்டு நீங்க அதுக்குப் பின்னால ஒக்காந்திருக்கீங்க. துணிதான் தெரியுது. நீங்க தெரியல." அவள் பெண்கள் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாள். "பக்கத்துக் கட்டில்ல பவுனம்மா இருக்கா. போன மாசம் செவப்புக் கண்டாங்கி கட்டியிருந்தவ. இப்ப காலையில கண்ணு முழிச்சா அவ வெள்ளச் சீலையத்தான் பாக்குறேன். அங்கயும் வெள்ள, இங்கயும் வெள்ள. எனக்கு மனசு ஆகல."

"அந்த அறை வேண்டாமா ஒனக்கு?"

"வேணும். நீங்களும் வேணும். கன்னையா அண்ணே அறைக்குப் போயி எட்டு மாசம்கூட இருக்கல, போயிட்டாரு."

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் போய்விட்டாள். நாற்பத்தொரு வருஷத்தில் நான் திட்டி அவள் மனசை மாற்றிக்கொண்டது ஒரு தடவைகூட இல்லை. அன்றைக்கும் இல்லை.

தனியாகப் பின்னினேன். ஐந்து நாளில் ஒரு பூவும் அரையும். பிறகு இரண்டு துணிக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். விரல் பாதியில் தட்டி நின்றது. எங்கேயோ கீழே ஒட்டியிருக்கிறது. புரட்டிப் பார்த்தால் வெள்ளைப் பக்கத்தில் சிவப்பு அம்மை போட்ட மாதிரி. அந்த ஒன்றரைப் பூவையும் பிரித்தேன். பிறகு ஊசியைத் திருப்பி, வெள்ளையை என் பக்கம் வைத்து, லெட்சுமியைச் சிவப்புப் பக்கம் உட்கார வைத்தேன். அவள் சரி என்று உட்கார்ந்தாள். என் கண்தான் சரி என்று சொல்லவில்லை. வலது கண்ணில் பூ விழுந்து வருஷம் மூன்றாகிறது. சிவப்பில் கண்ணி தெரியும். வெயிலில் வெள்ளையைப் பார்த்தால் சோற்றுக் கஞ்சிக்குள் ஊசி விட்ட மாதிரி. பின்னுவதும் பிரிப்பதுமாக ஆறு நாள் போனது. மொத்தம் பதினொரு நாள் வீண். பன்னிரண்டு பூ பாக்கி, முப்பத்தாறு நாள் பாக்கி. மறுநாள் ஊசியைத் தொடவே கை வரவில்லை. நூலை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பவுனம்மாள் வந்து முக்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"திருப்பிப் பிடிங்க அண்ணே. செவப்பு உங்களுக்கு, வெள்ள எனக்கு."

நான் அவள் வெள்ளைச் சீலையைப் பார்த்தேன்.

"என்னா பாக்குறீங்க? வெள்ளையப் பாத்தா எனக்கு இனிமே என்னா வரப்போகுது? வர்றதெல்லாம் வந்திருச்சு."

"யாரு அனுப்புனா? லெட்சுமியா?"

"ஏன், எனக்குக் காலு இல்லையா? அங்க ஒக்காந்து ஓட்டுக் கூரைய எண்ணிக்கிட்டுக் கெடக்கேன். இங்க கண்ணிய எண்ணுறேன்."

"இந்த மப்ளர் எதுக்குன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். என் அறைக்கு."

என் அறை என்றாள். அதைக் கேட்டதும் எனக்குள்ளே ஒரு கதவு சாத்திக்கொண்டது. இவள் எதற்கு வருகிறாள்? அவளை வெளியே தள்ளின அறையில் நாங்கள் போய் உட்கார இவள் கண் கொடுப்பாளா? தப்பைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிட்டால் போதுமே. துரைசானி கடைசி நாளில் பார்த்து முகத்தைச் சுளிப்பாள், அறை வேறு ஜோடிக்குப் போகும். நான் மனுஷர்களை அதிகம் பார்த்தவன். ஆனால் எனக்கு வேறு ஆள் இல்லை. ஊசியைத் திருப்பினேன்.

சும்மா சொல்லக்கூடாது, லெட்சுமியைவிட அவள் கண் கூர்மை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவள். மரத்தில் நூல் கனத்துக்குப் பட்டை சீவின கண் அது. "எதழு ஒண்ணு கோணுது" என்பாள். "நூலு பின்தங்குது, இழுங்க" என்பாள். வாயும் சும்மா இருக்காது. "எங்க வீட்டு ஆளு ஊசியப் பிடிச்சிருந்தா இந்நேரம் நாலு பூ போட்டிருக்கும்." "ஒங்க வீட்டு ஆளு சுருட்டத் தவிர எதப் பிடிச்சான்?" என்பேன். "சுருட்டப் பிடிச்சாலும் ஒழுங்காப் பிடிச்சாரு" என்பாள்.

லெட்சுமி என் பக்கத்தில், சிவப்புப் பக்கம் உட்கார்ந்து நூல் உருண்டை சுற்றினாள். வியாழக்கிழமை பிஸ்கட்டில் அவள் பங்கை எடுத்துப் பவுனம்மாள் மடியில் வைப்பாள். பவுனம்மாள் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுப்பாள்.

ஆனால் நான் அவளை நம்பவில்லை. ஒவ்வொரு பூ முடிந்ததும் இரண்டு துணிக்கும் நடுவில் கையை விட்டுப் பார்ப்பேன். அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனால் சட்டென்று புரட்டிப் பார்ப்பேன். என் கண்ணுக்கு அந்த வெள்ளையில் என்ன தெரியும்? இருந்தாலும் பார்ப்பேன். ஒரு நாள் பாதியில் திரும்பி வந்துவிட்டாள். நான் புரட்டின துணியோடு மாட்டிக்கொண்டேன்.

"பாருங்க, நல்லா பாருங்க," என்றாள். "வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க அண்ணே. நான் வேணும்னு விட்ட தப்பு எங்க இருக்குன்னு தேடுங்க."

லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டு நூலைச் சுற்றினாள். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் அடுத்த பூவுக்கும் கையை விட்டுத்தான் பார்த்தேன். பழக்கம்.

பூவுக்கு மூன்று நாள் என்று ஓட்டினோம். விரல் மூட்டு எல்லாம் வீங்கி, டிரெஸ்ஸர் எண்ணெய் தேய்த்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்கக் கை வராது, ஊசியை மட்டும் பிடிக்கும். பதிமூன்றாம் பூ நடக்கும்போது ஒரு நாள் பவுனம்மாள் வாயே திறக்கவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு தப்பும் சொல்லவில்லை. நான் நன்றாகப் பின்னுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்று கன்னையாவுக்கு மூன்றாம் மாதத் திதி என்று லெட்சுமிதான் பிறகு சொன்னாள்.

கப்பலுக்கு முதல் நாள் முடிந்தது. கண்ணி எல்லாம் அடைத்து, கஞ்சிச் சட்டி வைக்கிற பலகையில் ஈரத் துணி போட்டு அழுத்தி, நீட்டி வைத்தேன். என்னைவிட அது உயரம்.

துரைசானி வந்தாள். கையில் எடுத்து, "ஓ" என்றாள். சிவப்பைப் பார்த்தாள், புரட்டி வெள்ளையைப் பார்த்தாள், மறுபடி புரட்டினாள். முதல் நாள் அந்தக் கண்ணாடிச் சட்டத்தை நான் எப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தேனோ அப்படி. எனக்கு உள்ளே கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு அவள் வராந்தா ஓரம் போய் வெளிச்சத்தில் வெள்ளைப் பக்கத்தை விரித்தாள். ஒரு ஓரத்தில் இருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள். பதிமூன்றாம் பூவுக்கு மேலே விரல் நின்றது.

டிரெஸ்ஸரைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். நான் அரை சாண் தூரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். வெறும் வெள்ளைத் தரையில், பூவுக்குச் சம்பந்தம் இல்லாத இடத்தில், ஒரே ஒரு சிவப்புக் கண்ணி. பொட்டு வைத்த மாதிரி. சிவப்புப் பக்கத்தில் அந்த இடம் சரியாகவே இருந்தது. நூல் மாறியிருக்கிறது. எதிரே இருந்தவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

"இது என்னான்னு கேக்குறா," என்றார் டிரெஸ்ஸர். மெதுவாக, "தப்பா? யாரு பாத்தது இந்தப் பக்கம்?" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பவுனம்மாள் பெண்கள் கொட்டகை வாசலில், வெள்ளைச் சீலைத் தலைப்பைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணைத் தாழ்த்தவில்லை. லெட்சுமி என் கையைப் பிடித்திருந்தாள்.

பவுனம்மாள்தான் பார்த்தும் சொல்லாமல் விட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. அது உண்மை. சொன்னால் துரைசானி என் மேல் குற்றம் சொல்லமாட்டாள். அறையும் கிடைத்தாலும் கிடைக்கும். நான் முதல் நாளே நினைத்ததுதான் இது.

"தப்பு இல்ல," என்றேன். "நான்தான் வச்சேன். இவ்வளவு வேலை செஞ்ச துணி. அது மேல கண்ணு படாம இருக்க ஒண்ணு வைக்கணும். எங்க ஆளுங்க வழக்கம்னு சொல்லுங்க."

டிரெஸ்ஸர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார். இந்தத் தடவை அவர் சொன்னதும் நீளம். துரைசானி கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தக் கண்ணியை மறுபடி தொட்டுப் பார்த்தாள். மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அந்த வெயிலில், காருக்குப் போனாள். அறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கப்பல் போனது. வேலை முடிந்ததால் விதி திரும்ப வந்தது. நாலு மணி, ஐந்து மணி, மணிச் சத்தம். நான் லெட்சுமியிடம், "அவ்வளவுதான், நமக்குக் கெடச்சது அந்த மொட்டப் பிஸ்கட்டுதான்" என்றேன். பவுனம்மாளோடு பேசவில்லை. பேசினால் கேட்டுவிடுவேன் என்று பயம்.

பத்தொன்பதாம் நாள் டிரெஸ்ஸர் சாவியோடு வந்தார்.

"துரைசானி சொல்லிட்டுத்தான் போயிருக்கா. கமிட்டி கூட நாளாச்சு."

"அவ சொல்லித்தான் கெடச்சுதா, இல்ல மத்த ஜோடியில ஆளு கொறஞ்சிருச்சா?"

"பெரியவரே, சாவி வேணுமா, வேண்டாமா?"

வாங்கிக்கொண்டேன்.

அறை சின்னது. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ஒரு கட்டிலுக்கு மேலே சுவரில் தலை சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை. கன்னையாவுடையது. லெட்சுமி அதைத் துடைக்கப் போனாள், பிறகு துணியைக் கீழே வைத்துவிட்டாள். அந்தக் கட்டிலில் நான் படுக்கக்கூடாது என்றாள். மற்றதில் படுத்தேன்.

இரண்டாம் நாள் நாலு மணி அடித்தது. எங்களுக்கு இனிமேல் அந்த மணி இல்லை. ஜன்னல் வழியே வராந்தா தெரிந்தது. பார்க்க யாரும் வராதவள் ஒருத்தி முக்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு மிச்ச நூலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய் எதிரே உட்கார்ந்தேன்.

நூலை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அந்தக் கண்ணிய நீ பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பிரிச்சிருப்பீங்க," என்றாள்.

எங்களைக் கெடுக்க விட்டாளா, அந்த வெள்ளையில் அது ஒன்று இருக்கட்டும் என்று விட்டாளா, எனக்கு இன்று வரை தெரியாது. கேட்கவில்லை. நூலைப் பிரித்து ஊசியில் ஏற்றினேன். சிவப்பு நிறைய மிச்சம் இருந்தது. வெள்ளை கொஞ்சம்தான்.

"இந்தத் தடவ யாருக்கு?" என்றாள்.

"தெரியல. எந்தப் பக்கம் வேணும் ஒனக்கு?"

அவள் முக்காலியை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். எதிரே அப்போது யாரும் இல்லை. பின்னால் அறை வாசலில் இருந்து லெட்சுமி, "ஏங்க, ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி அங்கயே கொண்டாரவா?" என்று கத்தினாள்.